தண்டர்பேர்டில் அஞ்சல் அனுப்பும்போது வரும் பிழைகள்

அஞ்சல் வருகிறது, ஆனால் போக மறுக்கிறது: தண்டர்பேர்ட் பயன்படுத்துவோர் அடிக்கடி சொல்லும் குறை இது. பெறுவதற்கு ஐமேப் அல்லது பாப், அனுப்புவதற்கு எஸ்எம்டிபி என இரண்டுக்கும் தனித்தனி அமைப்புகள் இருப்பதே காரணம்.

பிழைச் செய்தியில் உள்ள மூன்றிலக்க எண்ணை முதலில் பாருங்கள். 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்பலாம். 5-இல் தொடங்கினால் எதையாவது திருத்தியாக வேண்டும். 535 என்றால் பயனர்பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை. ஜிமெயிலில் கடவுச்சொல் சரியாக இருந்தும் இது வரலாம். 2022 மே மாதத்துக்குப் பின் அங்கே ஓஆத்2 உள்நுழைவு முறை அல்லது தனிச் செயலிக் கடவுச்சொல் தேவை.

எண்ணே வராமல் இணைப்பு தொங்கி நின்றால் போர்ட்டைச் சரிபாருங்கள். 587-க்கு ஸ்டார்ட்டிஎல்எஸ், 465-க்கு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். இவற்றை மாற்றிப் போட்டால் இணைப்பு கிடைக்காது. 25-ஆம் போர்ட்டை இணைய நிறுவனங்கள் பல அடைத்து வைத்திருக்கின்றன.

பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளாமல், மீண்டும் அமைக்கலாம் என்று கணக்கை அழித்துவிடாதீர்கள். பாப் கணக்கானால் பழைய அஞ்சல்களும் போய்விடக்கூடும்.