முகத்தை மறைத்தால் போதுமா?

1/ நான் இங்கே எந்த நெறிப்படி எழுதுவேன் என்பதை எழுதி, பக்கத்தின் உச்சியில் பொருத்தப் போகிறேன். "டாக்டருக்கு எதுக்கு இதெல்லாம்?"னு கேட்பீங்க. காரணம், நான் செய்த ஒரு தப்பு.

2/ சில வருஷம் முன்பு, தீக்காய முதலுதவி பற்றி எழுதும்போது ஒரு அம்மாவின் கையைப் படமெடுத்துப் போட்டேன். முகம் இல்லை, பெயர் இல்லை. "பட்டாசு மருந்து பட்ட காயம்" என்று மட்டும் எழுதினேன். கையிலிருந்த பச்சையை வைத்தே ஆமத்தூரில் ஆளைக் கண்டுபிடிச்சுட்டாங்க.

3/ மகள் வந்தார். "கஞ்சி கொட்டிருச்சுன்னு சொல்லி வச்சிருந்தோம் சார். இப்ப வீட்டுல வச்சு திரி வேலை பாத்தது ஊருக்கே தெரிஞ்சு போச்சு." எனக்குப் பதில் வரல. படத்தை உடனே நீக்கினேன். ஆனா எத்தனை போன்ல இருக்கோ!

4/ அப்புறம்தான் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். ஹிப்போகிரட்டிஸ் பெயரில் வழங்கும் உறுதிமொழி ஏறத்தாழ 2,400 ஆண்டு பழசு. நோயாளி வீட்டில் கண்டதை, கேட்டதை வெளியே சொல்லாதே என்ற கட்டுப்பாடு அதிலேயே இருக்கு.

5/ உறுதிமொழி இருந்தும் என்ன? நாஜி ஜெர்மனியில் டாக்டர்களே கைதிகள் மேல் கொடூர சோதனை செய்தார்கள். நியூரம்பர்க் வழக்கில் நின்ற 23 பேரில் 20 பேர் டாக்டர்கள். 1947-ல் தீர்ப்பு. அடுத்த வருஷமே உலக மருத்துவச் சங்கம் ஜெனீவா உறுதிமொழியை ஏற்றது. ரகசியம் காப்பது அதிலும் உண்டு.

6/ 1968-ல் சிட்னியில் அந்த வரியை நீட்டினார்கள்: நோயாளி இறந்த பிறகும் ரகசியம் ரகசியம்தான். ஒவ்வொரு வெடி விபத்துக்குப் பிறகும் கருகிய உடல்களின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற நம்ம பகுதிக்கு இந்த வரி எவ்வளவு முக்கியம், யோசிச்சுப் பாருங்க.

7/ இந்தியாவில்? மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை, பிரிவு 7.17: ஆள் அடையாளம் தெரியும்படி படம் போட நோயாளியின் சம்மதம் வேண்டும். அடையாளம் தெரியாவிட்டால் சம்மதம் தேவையில்லை. நான் மாட்டியது இங்கேதான்! சென்னையில் தெரியாத கை, ஆமத்தூரில் தெரியும். எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்; காயத்தையும் தேதியையும் சொன்னாலே போதும்.

8/ 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புது விதி கொண்டுவந்தது. நோயாளி படம், ஸ்கேன் எதையும் சமூக ஊடகத்தில் போடாதே என்றது. ஜெனரிக் மருந்து விவகாரத்தில் எதிர்ப்பு கிளம்ப, அதே மாதம் 23-ம் தேதி மொத்த விதியும் நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்காக நானும் காத்திருக்கணுமா?

9/ அதனால் என் உறுதிமொழி இதுதான்:
• நோயாளியின் படம் போட மாட்டேன். முகத்தை மறைத்தும் போட மாட்டேன்.
• ஒருவரின் கதையைச் சொல்லணும்னா, எழுதியதை முதலில் அவருக்கே படித்துக் காட்டுவேன். அவர் "வேண்டாம்"னா, அது அங்கேயே முடிஞ்சது.
• இறந்தவருக்கும் இதே விதிதான்.
• மருந்துக் கம்பெனி பணத்தில் எழுத மாட்டேன்.
• தப்பா எழுதினா, சத்தமில்லாம அழிக்காம, தப்புன்னு சொல்லித் திருத்துவேன்.

10/ அந்த அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். நடந்ததை எழுத அவர் சம்மதம் தந்த பிறகுதான் இந்த இழை. "இத அன்னைக்கே எழுதியிருக்கலாம்ல தம்பி?" என்றார். ஆமாம்மா.

மீறினால் கேளுங்க மக்களே.