பாடகர் வீட்டு வாசலில்



வன்னிப் பெருநிலப்பரப்பிலே, கிளிநொச்சிப் பட்டினத்துக்கு மேற்குப் புறமாக, அக்கராயன்குளத்தை அடுத்து ஸ்கந்தபுரம் என்றோர் ஊர் உண்டு. வயலும் காடும் சூழ்ந்த ஊர். 1996 ஆம் ஆண்டில் போரினாற் கிளிநொச்சிப் பட்டினம் வெறிச்சோடியபோது, இடம்பெயர்ந்த மக்கள் வந்து நிறைந்தமையால் அவ்வூர் சில காலம் ஒரு சந்தைப் பட்டினமாகவே மாறிற்று. மின்சாரம் இல்லை. வானொலிக்கு வேண்டிய பற்றறியோ தடை செய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. ஆகவே அக்காலத்தில் வடபுலத்து மக்கள் ஓர் உபாயம் கண்டனர். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையாற் சுழற்ற, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் வானொலி பேசிற்று. சுழற்றுபவர் களைத்தாற் பாட்டும் களைத்தது. அங்ஙனம் வியர்வை சிந்திக் கேட்கப்பட்ட குரல்களுள் ஒன்று எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரல்.

2020 செப்டெம்பர் 25 ஆம் நாள் பிற்பகல் ஒரு மணி கழிந்து சில நிமிடங்களில் அவர் சென்னையிற் காலமானார். சில மணி நேரத்துள் நுங்கம்பாக்கம் காம்தார் நகரில் உள்ள அவருடைய இல்லத்தின் முன் மக்கள் திரண்டுவிட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் அவரோடு ஒரு வார்த்தை பேசியறியாதவர். முன்பின் அறியாத ஒருவரின் வீட்டு வாசலிலே போய் நின்று அழுவதற்கு நமக்கு என்ன உரிமை? இக்கேள்வியையே இன்று சிறிது ஆராய விரும்புகிறேன்.

நம்மவர் வழக்கத்தில் செத்தவீட்டுக்குப் போதல் என்பது ஒரு கடன். நல்ல காரியத்துக்கு அழைத்தாற்றான் போவோம்; சாவுக்கு அழைப்பு வேண்டியதில்லை. செய்தி காதில் விழுந்தாற் போதும். பகை கொண்டவன்கூடப் படலையைத் திறந்து உள்ளே வருவான். சாவீட்டில் அடுப்பு மூட்டார். அயலவர் சமைத்துக் கொண்டுவருவர். புறப்படும்போது 'போய்வருகிறேன்' என்று சொல்லிக்கொள்ளாமலே எழுந்து போய்விட வேண்டும். இவையெல்லாம் உறவும் அயலும் என்ற எல்லைக்குள் அமைந்த முறைமைகள். அந்த எல்லை எப்பொழுது விரிந்தது என்பதுதான் வரலாறு.

1827 ஆம் ஆண்டு மார்ச் 26 ஆந் திகதி வியன்னா நகரில் பீத்தோவன் என்னும் இசைமேதை இறந்தார். மூன்றாம் நாள் நடந்த இறுதிச் சடங்குக்கு அவர் குடியிருந்த கட்டடத்தின் முன்னே கூடியவர் இருபதினாயிரம் பேர் எனக் கண்டவர் மதிப்பிட்டனர். அது முன்பு துறவியர் மடமாயிருந்த கட்டடம். முற்றத்திலே பெட்டி வைக்கப்பட்டிருந்தது. நெருக்கம் தாங்காமற் போர்வீரரை வரவழைக்க வேண்டியதாயிற்று. தேவாலயமோ மிக அண்மையில் இருந்தது. அந்தச் சிறு தொலைவைக் கடக்க ஊர்வலத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேற் சென்றதாம். பீத்தோவனுக்கு மனைவியில்லை, மக்களில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு விடை சொல்லத் தக்கவர் அவ்வீட்டில் மிகச் சிலரே. வந்தவர்களிலும் அவருடைய இசையைச் செவியாரக் கேட்டவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? இசைத்தட்டும் வானொலியும் இல்லாத காலம்; கச்சேரி மண்டபத்துட் புகப் பொருள் வேண்டும். வியன்னா மக்கள் தங்கள் நகரத்துப் பெருமை ஒன்று மறைந்ததற்கு அழுதார்கள் என்றே நான் கருதுகிறேன். அது பெரியவர் ஒருவருக்குச் செய்த மரியாதை. உறவினருக்கு அழுத அழுகை அன்று.

அடுத்த நூற்றாண்டிலே இந்த நிலைமை மாறிற்று. இசைத்தட்டு வந்தது; பின்னர் வானொலி வந்தது. கொழும்பில் 1925 டிசெம்பரில் ஒலிபரப்புத் தொடங்கிற்று. பாடகர் இருக்கும் இடத்துக்கு நாம் போன காலம் போய், அவர் குரல் நம் அடுக்களைக்கே வந்தது. பிள்ளையைத் தாலாட்டும்போதும் நெல்லுக் குற்றும்போதும் உடனிருந்தது. நாள்தோறும் வந்து போகும் ஒருவரை அந்நியர் என்று யார் சொல்வர்? இலங்கை வானொலியின் மரண அறிவித்தல்களை ஒரு தலைமுறை முழுவதும் காது கொடுத்துக் கேட்டது. யாரோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் இறந்த செய்தியைக் கேட்டு, முன்பின் அறியாத பெண்கள் 'ஐயோ பாவம்' என்று பெருமூச்செறிந்த காட்சியை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள்.

அமெரிக்காவில் 2009 யூன் 25 ஆம் நாள் மைக்கல் ஜாக்சன் இறந்தபோது, கலிபோர்னியாவில் அவருடைய பெற்றோரின் வீட்டு வாசலில் மலரும் மெழுகுதிரியும் குவிந்தன. அதில் வியப்பில்லை. ஆனால் இந்தியானா மாநிலத்துக் கேரி என்னும் உருக்காலை நகரத்திலும் ஒரு கூட்டம் கூடிற்று. அங்கே தாய் தந்தையரும் ஒன்பது பிள்ளைகளும் இரண்டே படுக்கையறைகளில் நெருக்கியடித்து வாழ்ந்த சின்னஞ்சிறு வீடு ஒன்று இருக்கிறது. அக்குடும்பம் அதை விட்டுப் போய் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆளில்லாத வாசலிலே நின்று அழுதார்கள். இன்னொன்றும் நடந்தது. ஹொலிவூட்டின் நடைபாதையிலே கலைஞர் பெயர் பொறித்த விண்மீன்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. பாடகரின் விண்மீன் அன்று வேறொரு விழா ஏற்பாட்டினால் மறைந்திருந்தது. அதனால் இரசிகர் சிலர் அதே பெயர் கொண்ட வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் விண்மீனுக்கு மலர் சாத்திவிட்டார்கள்! வானொலிக்காரருக்கு இப்படியாவது மலர் கிடைத்ததே என்று நாம் மகிழலாம்.

வன்னியிலும் அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று உண்டு. போர்க்காலப் பாடல்களாற் பெயர்பெற்ற எஸ். ஜி. சாந்தன் 2017 பெப்ரவரி 26 ஆந் திகதி யாழ்ப்பாண வைத்தியசாலையிற் காலமானார். கிளிநொச்சியில் நடந்த அவருடைய இறுதி நிகழ்வுக்குப் பெருந்திரளான மக்கள் வந்தனர். அந்த மக்களும் அப்பாடகரும் ஒரே இடப்பெயர்வின் துயரங்களைக் கண்டவர்கள். அங்கே வந்தவர்களின் உரிமையைப் பற்றி ஆராய வேண்டிய தேவையே எழவில்லை.

பாலசுப்பிரமணியத்தின் வீட்டு வாசல் அப்படிப்பட்டதன்று. அது கொள்ளைநோயின் ஆண்டு. ஓகஸ்ட் 5 ஆம் நாள் அவர் வைத்தியசாலையிற் சேர்ந்தார். 20 ஆம் நாள் மாலை ஆறு மணிக்கு இயக்குநர் பாரதிராஜாவின் அழைப்பை ஏற்று, இளையராஜா முதலிய கலைஞரும் எண்ணிறந்த மக்களும் அவரவர் இருந்த இடத்திலிருந்தே அவருக்காகப் பிரார்த்தித்தனர். செப்டெம்பர் முற்பகுதியிற் கொரோனாக் கிருமி நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் நுரையீரல் தேறவில்லை. நோய்ப் பயத்தினால் தந்தையின் முகத்தைப் பிள்ளைகளே காணமுடியாத சாவுகள் உலகெங்கும் நிகழ்ந்த ஆண்டு அது. அந்த ஆண்டில் முகக்கவசத்தோடு மக்கள் காம்தார் நகரில் நெருக்கியடித்து நின்றனர். பொலிசார் தடுப்பு அமைத்தனர். கூட்டம் கட்டுக்கடங்காமற் பெருகவே, உடலை அன்றிரவே நகருக்கு வெளியே தாமரைப்பாக்கத்துப் பண்ணை வீட்டுக்குக் கொண்டு போயினர். வழிநெடுகிலும் தெருவோரங்களில் மக்கள் காத்து நின்றனர். மறுநாள் அங்கே காவல்துறை மரியாதையுடன் அடக்கம் நடந்தது.

இதனைக் குற்றம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொன்னது பொய்யன்று. நோயினால் வீழ்ந்த ஒருவருக்கு அழப் போய் அதே நோயை வாங்கிக்கொள்வது அறிவுடைமையாகாது. குடும்பத்தாரும் தனித்திருந்து அழ ஒரு நாழிகை வேண்டுமல்லவா? என்றாலும் அங்கே போனவர்களைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஐம்பது ஆண்டுகளாக அவர் நம் வீட்டுக்கு வந்தார்; ஒரு நாள் நாம் அவர் வீட்டுக்குப் போனோம். சாவுக்கு அழைப்பு வேண்டியதில்லை என்று மேலே சொன்னேனே, அந்த முறைமையைத்தான் அவர்கள் கைக்கொண்டனர்.

வீட்டைப் பற்றி ஒரு செய்தி. நெல்லூரிலிருந்த தம் பரம்பரை வீட்டை, இறப்பதற்கு ஏழு மாதம் முன்னதாக, 2020 பெப்ரவரியிலே, வேதபாடசாலை நடத்துவதற்கென்று காஞ்சி மடத்துக்கு அவர் கொடுத்துவிட்டார். தந்தையார் சாம்பமூர்த்தி ஹரிகதை சொல்லிப் புகழ்பெற்றவர். காம்தார் நகரின் பிரதான வீதிக்குப் பாடகரின் பெயரைச் சூட்டுவதென 2024 இல் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டு பெயர்ப்பலகை திறக்கப்பட்டது.

ஸ்கந்தபுரத்தார் சென்னைக்குப் போகவில்லை. கடல் இடையிலே, விமானங்களும் அவ்வாண்டு ஓய்ந்திருந்தன. அயலிற் சாவு நேர்ந்தால் வானொலியை நிறுத்திவிடுவது நம் கிராமங்களின் வழக்கம். எட்டு நாளாயினும் பாட்டுச் சத்தம் வெளியே கேட்கக் கூடாது. அன்றோ தமிழ் வானொலி நிலையங்கள் இரவு வரையும் அவருடைய பாடல்களையே ஒலிபரப்பின. துக்கம் காப்பதற்கு வானொலியை நிறுத்துவதா, திறந்து வைப்பதா? முன்னோர் வகுத்த முறைமையில் இதற்கு விடை இல்லை. திறந்தே வைத்திருந்தார்கள். இப்பொழுது அவ்வூருக்கு மின்சாரம் வந்துவிட்டது. வண்டி மிதியைச் சுழற்ற ஒருவரும் வேண்டியிருக்கவில்லை.