வன்னி என்னும் பெயர்

அரசகுலங்கள் அழிந்த பின்னரும் அவற்றின் பெயர்கள் அழியாது நிற்பதுண்டு. அரண்மனை இடிகிறது, கொடி இறங்குகிறது, வாரிசுகள் ஏர் பிடிக்கும் குடிகளோடு குடிகளாகக் கலந்துவிடுகின்றனர். ஆயினும் அக்குலத்தின் பெயர் மட்டும் ஓர் ஊருக்கோ, ஆற்றுக்கோ, நாட்டுக்கோ உரியதாகி மக்கள் நாவில் நிலைத்துவிடுகிறது. இவ்வாறு நிலைக்கும் பெயர்கள் இருவகைப்படும். ஆணையினால் இடப்பட்ட பெயர் ஒருவகை. வாழ்க்கையினால் வேரூன்றிய பெயர் மற்றொருவகை. ஈழத்தின் வடபால் பரந்து கிடக்கும் வன்னி நாட்டின் பெயர் இரண்டாம் வகையைச் சார்ந்தது. அதன் அருமையை உணர்வதற்கு, முதல்வகைக்கு எடுத்துக்காட்டாக நிற்கும் மேலைநாட்டுப் பெயர் ஒன்றை முதற்கண் நோக்குதல் நலம்.

1066ஆம் ஆண்டில் நோர்மன் மன்னன் வில்லியம் இங்கிலாந்தைக் கைக்கொண்டான். அவனுக்குத் துணைநின்ற பிரபுக்களுள் ஒருவர் ரோஜர் டி மொன்ற்கோமரி என்பவர். நோர்மண்டியிலுள்ள ஓர் ஊரின் பெயரே அவர் குலப்பெயராயிற்று. சுரூஸ்பரிப் பிரபுவாக உயர்த்தப்பட்ட அவர், வேல்ஸ் நாட்டின் எல்லையிலே கோட்டை ஒன்றை எழுப்பினார். அக்கோட்டைக்கும் அதன் அயலுக்கும் மொன்ற்கோமரி என்னும் பெயர் வழங்கலாயிற்று. 1102ஆம் ஆண்டில் அவர் மகன் ரொபேர்ட் மன்னனை எதிர்த்துக் கலகஞ் செய்து, இங்கிலாந்திலிருந்த உடைமைகள் அனைத்தையும் இழந்தான். குலம் வீழ்ந்தது, பெயர் வீழவில்லை. 16ஆம் நூற்றாண்டில் அங்கு வகுக்கப்பட்ட மாவட்டமும் அப்பெயரையே பெற்றது. அப்பெயர் தாங்கிய படைத்தலைவர் ஒருவர் 1775இல் கியூபெக் நகர்ப் போரில் மாண்டார். அவர் நினைவாகவே அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகர் மொன்ற்கோமரி எனப்பட்டது. பஞ்சாபில் ஆளுநராயிருந்த சேர் ரொபேர்ட் மொன்ற்கோமரியின் பெயரால் 1865இல் அங்கும் ஒரு நகரம் எழுந்தது.

ஆனால் இப்பெயருக்கு ஒரு குறை உண்டு. அது மேலிருந்து இடப்பட்ட பெயர். வேல்ஸ் மக்கள் தம் மொழியில் அவ்வூரை இன்றும் வேறு பெயராலேயே அழைக்கின்றனர். பஞ்சாப் நகரமோ பாகிஸ்தான் தோன்றியபின், 1960களில், சாகிவால் என்னும் பழைய நாட்டுப்பெயருக்கு மீண்டது. அரசின் ஆணையால் வந்த பெயர் அரசின் ஆணையாலேயே அகன்றது. வன்னி என்னும் பெயருக்கோ இந்நிலை நேர்ந்ததில்லை.

வன்னி என்பது தமிழில் தீயையும், ஒருவகை மரத்தையும் குறிக்கும் சொல். தீயிலிருந்து தோன்றிய குலத்தவர் வன்னியர் என்பது ஒரு மரபு. வனம் என்னும் சொல்லடியாகக் காட்டுநாட்டின் தலைவர் வன்னியர் எனப்பட்டனர் என்பது அறிஞர் சிலரின் கொள்கை. கடினம் என்று பொருள்படும் வன்மையோடு இணைத்து, வெப்பமும் வறட்சியும் மிக்க நிலம் என்று பொருள் கொள்வாரும் உளர். குலத்தால் நிலம் பெயர் பெற்றதா, நிலத்தால் குலம் பெயர் பெற்றதா என்னும் வினா இன்றும் ஆராய்ச்சிக்குரியதே. ஒன்று மட்டும் தெளிவு: தலைவன் பெயரும் தரையின் பெயரும் ஒன்றாகிப் பிரிக்க முடியாதவாறு பிணைந்துவிட்டன.

13ஆம் நூற்றாண்டு நிகழ்ச்சிகளைக் கூறும்போது சூளவம்சம் என்னும் பாளி நூல் வன்னி அரசர்களைக் குறிப்பிடுகின்றது. பொலன்னறுவைப் பேரரசு சிதைந்து, தலைநகரங்கள் தெற்கு நோக்கிப் பெயர்ந்த காலம் அது. வடக்கே யாழ்ப்பாண அரசு தலையெடுத்தது. இவ்விரு வலிமைகளுக்கும் இடையே கிடந்த காட்டுநிலத்தில், குளங்களையும் அவற்றைச் சார்ந்த சிற்றூர்களையும் ஆண்ட தலைவர்களே வன்னியர். அவர்கள் ஆட்சிப்பிரிவு வன்னிமை எனப்பட்டது. பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, மேல்பற்று, கருநாவல்பற்று, தென்னமரவடி ஆகியவை வடவன்னியின் பெயர்பெற்ற வன்னிமைகள். வலியதோர் அரசன் அருகே தோன்றினால் வன்னியர் திறை கொடுப்பர். அவன் தளர்ந்தால் தம் காட்டுக்குள்ளே தாமே அரசராவர். இவ்வாறு பணிந்தும் நிமிர்ந்தும் அவர்கள் பல நூற்றாண்டுகளைக் கடந்தனர்.

அவர்கள் கொடுத்த திறை பொன்னன்று, யானை. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை வெளியேற்றிய ஒல்லாந்தரும் வன்னியரிடம் எதிர்பார்த்தது யானைகளையே. வன்னிக்காட்டில் பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவைக் கடந்து குடாநாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டன; ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேறி இந்திய அரசர்களின் படைக்கொட்டில்களை அடைந்தன. அவ்வாணிகத்தில் ஒல்லாந்தருக்குப் பெரும் ஊதியம் கிடைத்தது. ஆதலின் வன்னியர் நேரத்துக்கு யானை செலுத்தாதபோதெல்லாம் அவர்கள் சினந்தனர். படையெடுத்துச் சென்று காட்டில் உழல்வதற்கோ தயங்கினர்.

1697இல் யாழ்ப்பாணத்து ஒல்லாந்த அதிகாரி சுவார்டகுறூன் தம் பின்னவர்க்கு எழுதிவைத்த அறிக்கையில் இருவர் பெயர் வருகின்றது. ஒருவர் தொன் பிலிப்பு நல்லமாப்பாணன். மற்றவர் தொன் கஸ்பார் இளங்கநாராயண மாப்பாணன். முற்பகுதி போர்த்துக்கேயர் திருமுழுக்குத் தந்த பெயர். பிற்பகுதி முன்னோர் தந்த பெயர். ஐரோப்பியச் சமயமும் பட்டமும் வந்து சேர்ந்தன. எனினும் அவர்களை ஒல்லாந்தர் குறிப்பிட்டது வன்னியர் என்றே.

1782இல் ஒல்லாந்தர் பொறுமையிழந்தனர். படை அனுப்பி வன்னியைத் தம் நேராட்சியின்கீழ்க் கொணர்ந்தனர். அவ்வேளையில் பெண்தலைவியரான வன்னிச்சிமார் காட்டிய எதிர்ப்பு கடுமையாயிருந்தது என்று பிற்கால ஆங்கில நூலாசிரியர்களும் வியந்து எழுதியுள்ளனர். லெப்டினன்ட் தோமஸ் நாகெல் என்பவர் முல்லைத்தீவில் இருந்துகொண்டு, 1795 வரை அந்நாட்டை நிருவகித்தார். நெற்செய்கையைப் பெருக்கவும் அவர் முயன்றார். வன்னியரை அகற்றவந்த அவருடைய பதவிப்பெயரிலேயே வன்னி என்னும் சொல் இடம்பெற்றது என்பது கவனிக்கத்தக்கது. வன்னியன் இல்லாத வன்னி அன்று தோன்றியது. ஆனால் வன்னி என்னாமல் அந்நாட்டைக் குறிக்க வேறு சொல் இருக்கவில்லை.

1795, 1796ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்தரின் கரையோர நாடுகள் ஆங்கிலேயர் வசமாயின. 1803ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கண்டியின்மேற் படையெடுத்துப் பெருந்தோல்வியுற்றனர். அதுவே தக்க தருணம் என்று கண்டவன் குலசேகரம் வைரமுத்துப் பண்டாரவன்னியன். 1803 ஓகஸ்ட் 25ஆம் நாள் அவன் முல்லைத்தீவு அரணைத் தாக்கிக் கைப்பற்றினான். அங்குக் காவலிருந்த கப்டன் வொன் டிறிபேர்க் தம் படையினருடன் யாழ்ப்பாணம் செல்ல நேர்ந்தது. பண்டாரவன்னியனின் செல்வாக்கு ஆனையிறவு வரை பரவிற்று. ஆங்கில அரசு யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று திக்குகளிலிருந்தும் படைகளை ஏவியது. ஒக்டோபர் 31ஆம் நாள், ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில், டிறிபேர்க்கின் படை வன்னியனை எதிர்பாராவகையில் வந்து தாக்கியது. வன்னியன் படை சிதறியது.

அவ்விடத்திலே ஆங்கிலேயர் ஒரு கல் நாட்டினர். கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் இது என்பதே அதில் ஆங்கிலத்திற் பொறிக்கப்பட்ட செய்தி. வென்றவனின் புகழுக்காக நாட்டப்பட்ட கல் அது. ஆயினும் காலம் அதன் பொருளை மாற்றிவிட்டது. டிறிபேர்க்கை நினைந்து எவரும் அங்குச் சென்றிலர். பண்டாரவன்னியனை நினைந்தே சென்றனர். தோல்வியை அறிவிக்க எழுந்த கல், தோற்றவனின் நடுகல்லாக மாறியது. ஊர் மக்கள் அவன் தோற்ற நாளோடு வென்ற நாளாகிய ஓகஸ்ட் 25ஐயும் போற்றுகின்றனர். 1982இல் இலங்கையின் தேசிய வீரர்களுள் ஒருவனாக அவன் மதிக்கப்பெற்றான். வவுனியா நகரில் அவன் சிலை நிற்கின்றது. முல்லைமணி அவன் கதையை நாடகமாக்கினார், தமிழகத்தில் மு. கருணாநிதி அதனை நவீனமாக எழுதினார். அவனைக் காட்டிக்கொடுத்தவனாகக் கதைகளில் வரும் காக்கை வன்னியனின் பெயரோ துரோகத்திற்கே மறுபெயராகிவிட்டது. புகழும் பழியும் ஒரே பட்டத்தை அணிந்து நிற்கின்றன.

கற்சிலைமடுவோடு வன்னிமை முடிவுற்றது, பெயர் முடிவுறவில்லை. வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளைப் பற்றி ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட கையேடு, வன்னி மாவட்டங்களின் கையேடு என்றே தலைப்புப் பெற்றது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்கீழ் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய நிருவாக மாவட்டங்கள் ஒன்றிணைந்து வன்னித் தேர்தல் மாவட்டம் ஆயின. 1984இல் தனி மாவட்டமான கிளிநொச்சியோ யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தைச் சேர்ந்தது. எனினும், கிளிநொச்சி வன்னியன்று என்று கூறுவார் எவருமிலர். அலுவலகத்தின் எல்லை வேறு. மக்கள் மனத்தின் எல்லை வேறு. வன்னி என்னும் பெயர் எவ்வெல்லையை ஆதாரமாகக் கொண்டது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இப்பெயர் ஒரு மொழிக்கோ ஒரு மாகாணத்திற்கோ மட்டும் உரியதன்று என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அநுராதபுரத்தைச் சூழ்ந்த நுவரகலாவியாவில் சிங்களத் தலைவர்களும் வன்னியர் பட்டம் தாங்கினர். குருநாகல் மாவட்டத்தில் வன்னி ஹத்பத்துவ என்னும் பிரிவு உண்டு. மட்டக்களப்பிலே ஆங்கிலேயர் காலத்திலும் பற்றுகளின் தலைமைக்காரர் வன்னியனார் என்றே வழங்கப்பட்டனர். 1965 முதல் 1970 வரை இலங்கையின் நிதியமைச்சராயிருந்தவர் யூ. பி. வன்னிநாயக்க, தமிழரசுக் கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவராக விளங்கி 1959இல் மறைந்தவர் கு. வன்னியசிங்கம். அரசியலால் வேறுபட்ட இருவர், இரு மொழியினர். இருவர் பெயரிலும் ஒரே காட்டுநாட்டின் எதிரொலி கேட்கின்றது.

இனி, இன்றைய வன்னியில் வாழ்வோர் யாவர்? பழைய வன்னிமைக் குடிகளின் வழித்தோன்றல்கள் சிலரே. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டது. அதன் பாய்ச்சலை நம்பி யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து நிலமற்ற உழவர் வந்து காடு வெட்டினர். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் மலையகத் தோட்டங்களிலிருந்து உயிர் தப்பி வந்தோர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினர். இவர்களுள் எவர்க்கும் வன்னியரோடு குருதித் தொடர்பு இருத்தல் வேண்டுமென்பதில்லை. ஆயினும் இவர்கள் மக்கள் பிறந்தது வன்னியில். இவர்கள் வியர்வை வீழ்ந்தது வன்னி மண்ணில். இவர்களும் வன்னி மக்களே.

2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரின் இறுதி மாதங்களில் அம்மக்கள் கிளிநொச்சியிலிருந்து கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்து, முல்லைத்தீவுக் கடற்கரை வரை நெருக்குண்டனர். மாண்டவர் பல்லாயிரவர். எஞ்சியோர் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் வவுனியாவை அடுத்த முகாம்களில் அடைபட்டிருந்தனர். அக்காலத்தில் உலகெங்குமுள்ள செவிகளில் வன்னி என்னும் சொல் துயரத்தின் பெயராக ஒலித்தது. ஊர்கள் வெறுமையாயின, குளக்கட்டுகளில் காடு மூண்டது. முகாமில் இருந்தோரை எந்த ஊர் என்று வினவினால், ஊர்ப்பெயரைத் தொடர்ந்து வந்த சொல் வன்னி என்பதே. பின்னர் அவர்கள் திரும்பினர். கண்ணிவெடி அகற்றிய வயல்களில் மறுபடியும் நெல் விளைந்தது; வற்றாப்பளைக் கண்ணகியம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு மறுபடியும் அடியார் திரண்டனர்.

மொன்ற்கோமரிக் குலம் தன் பெயரைக் கோட்டையின் மேலும் வரைபடத்தின் மேலும் எழுதியது. அப்பெயர் கடல்கடந்து பரவியது உண்மை. ஆயின் ஆட்சி மாறியவிடத்து அது அழிக்கப்படவுங் கூடியதாயிற்று. வன்னியர் குலம் தன் பெயரைக் குளத்தோடும் காட்டோடும் குடியோடும் சேர்த்து விட்டுச்சென்றது. அதனைப் போர்த்துக்கேயர் மாற்றவில்லை. ஒல்லாந்தர் மாற்ற இயலவில்லை. ஆங்கிலேயர் தம் கல்லிலேயே அதனைப் பொறித்தனர். ஒரு காலத்தில் ஆள்பவனுக்கு மட்டும் உரியதாயிருந்த அப்பட்டம், இன்று அந்நிலத்தில் விதைப்பவர் ஒவ்வொருவர்க்கும் உரிய முகவரியாயிற்று. ஒரு குலம் உலகுக்கு விட்டுச்செல்லக்கூடிய உடைமைகளுள் இதனினும் பெரியது பிறிதில்லை.