சௌராஷ்டிரம்: ஒரு மொழியும் அதன் ஊர்களும்

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களிலும், பரமக்குடி, கும்பகோணம், சேலம், திண்டுக்கல் முதலிய நெசவூர்களிலும் வழங்கும் சௌராஷ்டிர மொழி, குஜராத்தின் மேற்குத் தீபகற்பத்தின் பெயரைத் தாங்கியிருந்தபோதிலும், அத்தீபகற்பத்து மக்களின் பேச்சுமொழி அன்று. அங்கு வழங்குவது காத்தியவாடி எனப்படும் குஜராத்தி வட்டார வழக்காகும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகக் குறித்த 2,47,702 பேரில் மிகப் பெரும்பான்மையோர் தமிழ்நாட்டில் வாழ்பவர்கள்.

அயலார் இம்மக்களை நாட்டின் பெயரால் அழைக்கவில்லை, தொழிலின் பெயரால் பட்டுநூல்காரர் என்றே அழைத்தனர். இந்திய மொழிகளை அளவிட்டு வகைப்படுத்திய கிரியர்சனும் அத்தொழிற்பெயரிலிருந்து பிறந்த ‘பட்ணூலி’ என்னும் பெயரிலேயே இம்மொழியைக் குஜராத்தியின் கிளைகளுள் ஒன்றாகச் சேர்த்தார்.

பூர்விகத்துக்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது மத்தியப் பிரதேசத்து மந்தசோர் கல்வெட்டு. லாட நாட்டிலிருந்து தசபுரத்துக்கு, அதாவது இன்றைய மந்தசோருக்கு, குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழுவொன்று கி.பி. 437 அளவில் சூரியனுக்குக் கோயில் எடுத்ததையும், 473 அளவில் அதைப் புதுப்பித்ததையும் அது கூறுகிறது. ஆயின் லாடம் என்பது பரூச், சூரத் நகரங்களை உள்ளிட்ட தென்குஜராத்தே அன்றித் தீபகற்பம் அன்று. அந்நெசவாளர்க்கும் மதுரை நெசவாளர்க்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளை இணைக்கும் ஆவணம் எதுவும் கல்வெட்டில் இல்லை. தொழில் ஒன்றாயிருப்பதைக் கொண்டு குலமும் ஒன்றெனக் கொள்வது கவர்ச்சியான ஊகமே தவிர, மெய்ப்பிக்கப்பட்ட வரலாறு ஆகாது.

கல்வெட்டைவிட நம்பத்தக்க சான்று மொழிக்குள்ளேயே இருக்கிறது. கஜினி மாமூதின் சோமநாதபுரப் படையெடுப்புக்குப் பின் புறப்பட்டு, யாதவரின் தேவகிரியிலும் பின்னர் விஜயநகரத்திலும் தங்கி, நாயக்கர் காலத்தில் மதுரையை அடைந்ததாக இச்சமூகத்தின் மரபு சொல்கிறது. திருமணச் சடங்கில் இரு வீட்டாரும் வினாவிடையாக இவ்வழியை நினைவுகூரும் வழக்கமும் இருந்தது. புறப்பாட்டின் காரணமும் காலமும் ஐயத்துக்குரியவை எனினும், வழியைப் பொறுத்தவரை மரபும் மொழியும் முரண்படவில்லை. இந்தோ-ஆரிய அடித்தளத்தின் மீது மராத்திச் சாயலும், கன்னட, தெலுங்குச் சொற்களும், இறுதியாகத் தமிழும் படிந்திருக்கின்றன. அவற்றுள் தெலுங்கின் படிவு கனமானது. விஜயநகர ஆட்சிப் பரப்பில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள், தெலுங்கைப் பேணிய நாயக்க அரசவைகளுக்குப் பட்டு நெய்யவும் வந்தனர் என்பதை நினைத்தால் இது வியப்பன்று. ஒரு காலத்தில் இம்மொழியை எழுதப் பயன்பட்டதும் தெலுங்கு எழுத்தே.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையைச் சேர்ந்த தொ. மு. ராம ராய் சௌராஷ்டிரத்துக்குத் தனி எழுத்தைச் செம்மைப்படுத்திப் பாடநூல்களும் அச்சிட்டார். ம, ந, ர, ல ஆகிய ஒலிகளோடு மூச்சொலி சேர்ந்து வருவது இம்மொழியின் தனி இயல்பு. அதைக் குறிக்க ‘ஹாரு’ என்னும் துணைக்குறி அவ்வெழுத்தில் உண்டு. தமிழ் எழுத்தால் அவ்வொலியைத் திருத்தமாகக் காட்ட இயலாது. தேவநாகரியே போதும் என்போருக்கும் தனி எழுத்தே வேண்டும் என்போருக்கும் இடையில் எழுந்த பூசல் நெடுநாள் நீடித்தது. 2008இல் கணினிக்கான ஒருங்குறித் தரத்தில் தனி எழுத்து இடம்பெற்றுவிட்டது. பள்ளியில் தமிழ் படித்து வளர்ந்தவர்களோ தங்கள் மொழியையும் பெரும்பாலும் தமிழ் எழுத்திலேயே எழுதுகின்றனர்.

நாட்டுப் பெயரின் கதையும் தனியே நடந்தது. காத்தியவாட்டின் 200க்கு மேற்பட்ட சமஸ்தானங்கள் 1948இல் ஒன்றாக்கப்பட்டு, அவ்வாண்டின் பிற்பகுதியில் சௌராஷ்டிரம் என்னும் பெயரில் ஒரு மாநிலமாக விளங்கின. மொழிவாரியாக மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்ட 1956 நவம்பர் 1ஆம் நாளன்று அம்மாநிலம் பம்பாய் மாநிலத்தில் இணைக்கப்பட்டது. அன்று அரசியல் வரைபடத்திலிருந்து நீங்கிய பெயருக்கும் மதுரைத் தறிகளின் ஓரத்தில் பேசப்பட்ட மொழிக்கும் நிர்வாகத் தொடர்பு எதுவும் இருந்ததில்லை. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலும் அம்மொழி இன்றுவரை சேர்க்கப்படவில்லை.