சேணமும் சவுக்கும்

யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் காலில் அணிவது சப்பாத்து. அரையில் அணிவது களிசான். சட்டையை மூட்டுவது பொத்தான். மூன்றும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொற்கள். குதிரையின் பக்கம் திரும்பினாலோ சவாரி, லகான், சவுக்கு என்று பாரசீகத்தின் வழிவந்த சொற்கள் எதிர்ப்படுகின்றன. ஏறுபவனின் உடை ஒரு திசையிலிருந்தும், ஏறப்படும் விலங்கின் கோலம் மற்றொரு திசையிலிருந்தும் கடல் கடந்து நமக்கு வந்தன. பண்டைத் தமிழர் குதிரையை அறியாதவர் அல்லர். புரவி, பரி, இவுளி, மா என அதற்குப் பெயர்கள் பல உண்டு. கடிவாளத்துக்குக் கலினம் என்றும், ஏறுவோன் கால் வைக்கும் வளையத்துக்கு அங்கவடி என்றும் சொற்கள் உண்டு. ஆயினும் இச்சொற்களுள் எதுவும் உழவன் வீட்டு முற்றத்தில் வழங்கிய சொல்லன்று. குதிரை அரசனுடைய பொருள். வணிகன் அதனை அரசனுக்கே விற்றான்.

இதற்கு நம் தீவகத்திலேயே கல்லிற் பொறித்த சான்று இருக்கின்றது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் (1153-1186) தமிழ்ச் சாசனம் ஊராத்துறைக்கு வரும் பரதேசி வணிகரைப் பற்றிப் பேசுகின்றது. மரக்கலம் உடைந்து கரையொதுங்கினால் அதிலுள்ள சரக்கிற் பாதி அரசனுக்கு, பாதி உடையவனுக்கு. ஆனால் அரசனுக்காக யானையும் குதிரையும் கொண்டுவந்த கலமாயின் பண்டாரத்துக்குக் காற்பங்கே. முக்காற்பங்கு வணிகனுக்கு உரியது. மிளகுக்கும் துணிக்கும் இல்லாத சலுகை குதிரைக்கு இருந்தது. ஏன்? மிளகைக் கொண்டு ஊரைப் பிடிக்க முடியாது. குதிரையைக் கொண்டு முடியும். அரசனுடைய ஈரநெஞ்சின் அளவு இதுதான்!

அக்கரையில் பாண்டி நாட்டு நிலை இன்னும் வேடிக்கையானது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான அரபுக் குதிரைகள் பெரும் பொன் விலைக்கு வாங்கப்படுவதையும், பேணத் தெரியாமையால் அவற்றுட் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் மடிவதையும் எழுதுகின்றார். லாடம் அடிக்கவும் நோய் தீர்க்கவும் வல்லவர்களைக் கூட்டிவர வணிகர் விரும்பவில்லை. குதிரை செத்தாலன்றோ அடுத்த ஆண்டு வாணிகம் செழிக்கும்! இதே மார்க்கோ போலோ இன்னொன்றையும் குறிக்கின்றார். இந்நாட்டில் தையற்காரனே இல்லையாம். அரசன் முதல் எல்லோரும் அரையில் ஒரு துணியோடு இருக்கின்றனராம். அரசனுக்கு மட்டும் உடலெங்கும் பொன்னும் மணியும். ஆக, கோட்டும் காலணியும் இன்றி வெற்றுடம்போடு அன்றைய வீரன் குதிரையேறினான். இந்தியாவின் பண்டைச் சிற்பங்கள் சிலவற்றில் காணப்படும் அங்கவடி, காற்பெருவிரலை மட்டும் நுழைக்கும் சிறு வளையமாகவே இருக்கின்றது. சப்பாத்து அணியாத காலுக்கு அதுவே போதும். கருவி உடலைப் பின்பற்றுகின்றது. உடலோ வெயிலைப் பின்பற்றுகின்றது.

சேணத்தின் வேலை எளியது. ஏறுபவனின் பாரம் விலங்கின் முதுகெலும்பின்மேல் இறங்காது, அதன் இருபுறத்துத் தசைகளின்மேலும் பரவ வேண்டும். அதற்காகவே உள்ளே ஒரு சட்டம், அதன்மேல் தோல், அடியில் மெத்தை. கடிவாளத்தின் இரும்பு, முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத வெற்றிடத்தில் அமர வேண்டும். இவை பொருந்தாவிட்டால் முதுகு புண்ணாகும், வாய் கிழியும். சேணத்தைத் தேர்வதில் விலங்கு வேண்டுவது இவ்வளவே. எஞ்சியவையெல்லாம், வெள்ளிப் பூணும் பட்டுக் குஞ்சமும் உட்பட, பார்ப்பவர் கண்ணுக்காகச் சேர்ந்தவை.

1619-இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசை வீழ்த்தினர். 1658-இல் ஒல்லாந்தர் அவர்களிடமிருந்து கோட்டையைப் பறித்தனர். நெடுந்தீவின் வறண்ட புல்வெளியில் குதிரை வளர்ப்பைத் தொடங்கியவர் முன்னவர், பெருக்கியவர் பின்னவர். தம் நாட்டு நகரொன்றின் பெயரையே தீவுக்கு இட்டு அதனை டெல்வ்ற் என்றழைத்தனர். 1697-இல் கொம்மாந்தர் ஸ்வார்தகுரூன் தமக்குப் பின் ஆளவிருந்தோருக்கு எழுதிவைத்த குறிப்பில், யானை, சாயவேர், புகையிலை முதலியவற்றின் வரவு செலவோடு தீவுகளின் குதிரை வளர்ப்பும் ஓர் இனமாக இடம்பெறுகின்றது. அங்கிருந்த குதிரை இலாயத்தின் தூண்கள், சுண்ணாம்பாலும் பவளப்பாறைக் கல்லாலும் கட்டப்பட்டவை, கூரையிழந்து இன்றும் வரிசையாக நிற்கின்றன.

அத்தூண்களைப் படமெடுப்போர் பலர். அங்கே புல் அரிந்தவன் யார், கிணற்றிலிருந்து நீர் இறைத்தவன் யார் என்று கேட்போர் சிலரே. ஒல்லாந்தர் ஆட்சியில் குடாநாட்டின் ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆண்டில் பன்னிரண்டு நாள் கும்பெனிக்குக் கூலியின்றி ஊழியம் செய்யக் கடமைப்பட்டிருந்தனர். 1707-இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, அடிமைகளை உடைமைகளோடு வைத்து அவர்களைப் பற்றிய விதிகளை வகுத்தது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844-இலேதான். கும்பெனியின் ஏடுகள் பண்டத்தைக் கணக்கிட்ட கவனத்தோடு, அதனைச் சுமந்த மனிதனைக் கணக்கிட்டதில்லை.

பிரித்தானியர் வந்தபின்னும் நெடுந்தீவுப் பண்ணை சிறிது காலம் நடந்தது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லெப்டினன்ற் நோலன் என்னும் ஐரிய அதிகாரி அதனையும் தீவையும் ஒருங்கே ஆண்டார். பின்னர்ப் பண்ணை கைவிடப்பட்டது, குதிரைகள் காட்டுக்குதிரைகளாயின.

அவர்கள் உடையையும் சட்டமாக்கினர். மணியகாரன், உடையார், முதலியார் என்று தரம் தரமாக, எவன் எத்தகைய அங்கி அணியலாம், எவன் வாள் தரிக்கலாம் என்றெல்லாம் விதி எழுந்தது. அந்நியன் தந்த பொத்தானைத் தடவிப் பெருமிதங்கொண்ட நம்மவர் அதே பாடத்தைத் தமக்குக் கீழிருந்தோர்மீது நடத்தினர். யாழ்ப்பாணச் சமூகத்தில் ஒடுக்கப்பட்ட ஆண் தோளில் சால்வை இடலாகாது, குடை பிடிக்கலாகாது, காலில் செருப்பணியலாகாது. பெண் மேலாடை அணியலாகாது. இது பழங்கதையன்று. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் 21-ஆம் இலக்கச் சட்டம் 1957-இல் தான் வந்தது. அது வந்தும் ஆலயக் கதவும் தேநீர்க்கடைக் குவளையும் திறவாமையாலேயே, 1966 ஒக்டோபர் 21-இல் சுன்னாகத்திலிருந்து அந்த ஊர்வலம் புறப்பட நேர்ந்தது.

இத்தகைய சமூகத்தில் பொதுமக்கள் கண்ட முழுக்கோலக் குதிரை மரக்குதிரையே. வேட்டைத் திருவிழாவன்று சுவாமி எழுந்தருளும் குதிரை வாகனத்தை உற்று நோக்குக. சேணம், கடிவாளம், கழுத்து மணி யாவும் குறைவின்றிச் செதுக்கி வண்ணந்தீட்டப்பட்டிருக்கும். அதைச் செதுக்கிய தச்சன் வாழ்நாளில் ஒருமுறையேனும் சேணத்தில் அமர்ந்திருப்பானோ என்பது ஐயம். நம் உழவர் சவாரி என்ற சொல்லையே குதிரையிடமிருந்து பறித்துத் தம் எருதுக்குக் கொடுத்துவிட்டனர். இன்றும் குடாநாட்டில் சவாரி என்றால் மாட்டுவண்டிப் போட்டிதான். அதற்குக் கோட்டு வேண்டாம், தொப்பி வேண்டாம்.

இனி ஆங்கிலேயன் கதை. லெனாட் வூல்ஃப் 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணக் கச்சேரியில் பணியாற்றினார். வோல்டேயரின் 90 தொகுதிகளைக் கப்பலில் ஏற்றிவந்த இளைஞர் அவர்; மூடரல்லர். ஒருநாள் பெருந்தெருவில் அரசாங்க அதிபரோடு குதிரைமேலிருந்து, தெருவை ஆக்கிரமித்துக் கட்டிய விறாந்தையொன்றைத் தம் சவுக்கால் சுட்டிக்காட்டினார். அவ்வேளை வண்டியில் கடந்துபோன தமிழ் வழக்கறிஞர் ஒருவரின் முகத்தில் அவர் வேண்டுமென்றே சவுக்கால் அடித்தார் என்று யாழ்ப்பாணத் தமிழ்ச் சங்கம் ஆளுநருக்கு முறையிட்டது. அடிக்கவேயில்லை என்பது வூல்ஃபின் கூற்று. ஆனால் 1961-இல் வெளியான தன்வரலாற்று நூலில் அவர் அதனோடு நிற்கவில்லை. அடித்ததாக அவர்கள் நம்பியது தவறு. எனினும் அவர்களுடைய ஊரின் தெருவிலே தாம் குதிரைமேல் இறுமாந்து வீற்றிருந்ததே கன்னத்தில் அறைந்ததற்கு ஒப்பாகும் என்று அவர்கள் உணர்ந்தது சரியே அன்றோ என ஏகாதிபத்தியத்தைப் பற்றிய ஐயம் தம் நெஞ்சில் முதன்முறை தைத்ததாக எழுதுகின்றார். 1912-இல் அவர் அப்பதவியைத் துறந்தார்.

ஆளுநரும் கச்சேரியும் இந்த முறைப்பாட்டைச் சவுக்கு பட்டதா படவில்லையா என்ற வினாவாகக் குறுக்கிவிட்டனர். அவ்வினாவுக்கு விடை எதுவாயினும், சவுக்கை நீட்டிச் சுட்டும் உரிமை எங்கிருந்து வந்தது என்பது விசாரிக்கப்படவில்லை.

மேலைநாட்டுக் குதிரைக் காட்சிகளில் இன்று மதிக்கப்படும் உடையும் ஆங்கில நிலவுடைமையாளரின் வேட்டைக் களத்தில் பிறந்ததே. இருண்ட கோட்டு, வெண்கழுத்துத் துணி, வெளிர்நிறக் களிசான், மினுக்கிய நெடுஞ்சப்பாத்து, அலங்காரமற்ற தோற்சேணம். குதிரையின் நடையை மட்டுமே நோக்குவதாகச் சொல்லும் போட்டியிலும் இந்த அடக்கமான கோலம் பிழைத்தால் முகஞ்சுளிப்பு உண்டு. அடக்கமும் விலையுடையது, அந்தச் சேணமும் கோட்டும் தொழிலாளி ஒருவனின் பல மாதக் கூலியை விழுங்கும். தலைக்கவசம் ஒன்றே உயிர் காக்கும் சேர்க்கை. அதை யாரும் குறைகூற வேண்டியதில்லை. ஜோத்பூர் என்று உலகெங்கும் அழைக்கப்படும் சவாரிக் களிசான் இராசபுதனத்தினுடையது. அந்நாட்டுச் சேர் பிரதாப் சிங் 1897-இல் விக்டோரியாவின் வைரவிழாவுக்கு இலண்டன் சென்றபின் அங்கே பெருவழக்காயிற்று என்பர். ஆளப்பட்டவரின் உடையை ஆள்வோர் அணிந்தால் அது நாகரிகம். மறுதலையாக நிகழ்ந்தால் அதிகப்பிரசங்கம்!

அந்த இராசபுதனத்திலும் அதன் அயலிலும் குதிரை இன்னும் சாதிக்கு உரியது. ஒடுக்கப்பட்ட சாதி மணமகன் குதிரையேறி ஊர்வலம் வந்தால் கல்லெறியும் ஊர்கள் உள்ளன. 2018-இல் உத்தரப் பிரதேசத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் தலித் மணமகனொருவர், தம் மண ஊர்வலம் மேற்சாதியார் தெருவழியே செல்ல நீதிமன்றம்வரை போய், பொலிஸ் காவலோடு குதிரை வண்டியில் சென்றார். அதே ஆண்டில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் தலித் இளைஞரொருவர் கொல்லப்பட்டார். குதிரை வைத்திருந்து சவாரி செய்ததே காரணம் என்று அவர் உறவினர் முறையிட்டனர்.

நெடுந்தீவில் இன்று சில நூறு குதிரைகள் சேணமுமின்றி லாடமுமின்றித் திரிகின்றன. அவற்றைத் தீவுக்கு வெளியே கொண்டுசெல்லத் தடை உண்டு. 2015-இல் அவற்றின் மேய்ச்சல் நிலம் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. கோடை முற்றிக் குளங்கள் வற்றும்போது அவை தாகத்தால் மடிகின்றன. அவ்வேளைகளில் தீவு மக்களும் நன்னீருக்குக் குடத்தோடு காத்து நிற்கின்றனர்.