பெயர் பெற்ற காலாள்: முறைவைத்து ஆடும் உத்தி விளையாட்டுகளில் படைக்குழு அமைப்பின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

முறைவைத்து ஆடும் உத்திக் கணினி விளையாட்டுகளில், ஆட்டக்காரர் தாமே வீரர்களைச் சேர்த்து, ஆயுதம் தந்து, பெயரிட்டு வழிநடத்தும் படைக்குழு எவ்வாறு உருவானது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஜூலியன் கோலப் இங்கிலாந்தில் உருவாக்கிய விளையாட்டுகள் முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. வீரருக்குப் பெயரிடும் உரிமை ஆட்டக்காரரிடம் வந்தபோது அவ்வீரரின் இறப்புக்கான பொறுப்பும் உடன் வந்தது; சேமித்த ஆட்டத்தை மீண்டும் திறக்கும் வசதி அப்பொறுப்பிலிருந்து நழுவ வழி தந்தது. பின்வந்த வடிவமைப்பு மாற்றங்கள் பலவற்றை இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறியாகக் காணலாம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச் சொற்கள்: உத்தி விளையாட்டு, படைக்குழு, பெயரிடல், மீளா இறப்பு, சேமிப்புக் கோப்பு.

முன்னுரை

சதுரங்கத்தில் காலாளுக்குப் பெயரில்லை. எட்டுக் காலாட்களும் ஒரே வடிவின. ஒன்று வெட்டுப்படும்போது ஆட்டக்காரர் கணக்கிடுவது பலகையில் இழந்த வலிமையை மட்டுமே. 1994இல் வெளிவந்த 'யூஎஃப்ஓ: எனிமி அன்னோன்' என்னும் கணினி விளையாட்டிலோ, வேற்றுக்கோள் எதிரியின் ஒரே குண்டுக்கு வீழ்ந்த வீரர் ஒருவருக்காக ஆட்டக்காரர் அதுவரை ஆடியதைக் கைவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புவதுண்டு. இரண்டும் முறைவைத்து, அதாவது ஒருவர் நகர்த்தி முடித்தபின் மற்றவர் நகர்த்தும் வகையில், ஆடப்படுபவை. இரண்டிலும் ஆடுபவர் படைத்தலைவரே. எனினும் இழப்பின் பொருள் முற்றிலும் வேறாகிவிட்டது.

இம்மாற்றத்தைப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளின் செல்வாக்காக விளக்குவது எளிது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோரின் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' 1974இல் வெளிவந்தபின், ஒரு பொம்மைக்கு ஒரு மனிதர், அவருக்கென்று திறன் அளவுகள் என்னும் முறை பரவியது உண்மை. ஆயினும் அங்கு ஆட்டக்காரர் ஒருவர் பொதுவாக ஒரு பாத்திரமாக நின்று ஆடுகிறார். பிறரைச் சாவுக்கு அனுப்பும் தலைவராக அன்று. படைக்குழுவின் வரலாற்றை அவ்விளக்கத்தோடு முடித்துவிட்டால், கட்டளையிடுதல் என்னும் கூறு விடுபட்டுப்போகிறது.

பெயரற்ற படைப்பிரிவு

1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், தம் தந்தை தொடங்கிய போர் விளையாட்டைச் செப்பம் செய்து 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்னும் விதிநூலாக வெளியிட்டார். தலைமைப் படைத்தளபதி முஃப்லிங் அதனைப் படைப் பயிற்சிக்கு ஏற்றதெனப் பரிந்துரைத்தார். நிலவரைபடத்தின்மீது வைக்கப்பட்ட கட்டைகள் தனி மனிதர்களைக் குறித்தவை அல்ல, அவை படைப்பிரிவுகள். பகடையும் அட்டவணையும் கொண்டு நடுவர் இழப்பைக் கணக்கிட்டார். அதிகாரி கற்றுக்கொள்ள வேண்டியதும் அதுவே: இழப்பை எண்ணாகப் பார்க்கப் பழகுதல். எச். ஜி. வெல்ஸ் 1913இல் எழுதிய 'லிட்டில் வார்ஸ்' தனித்தனிப் பொம்மை வீரர்களை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தது. சுருள்வில் பீரங்கியால் அடித்து வீழ்த்தப்பட்ட அப்பொம்மைகள் மறுநாள் மீண்டும் நிற்கும். எழுந்து நிற்பது நேற்று விழுந்த அதே வீரரா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

வீட்டுக் கணினியும் சிறுகுழுவும்

கோலப் 1984இல் வெளியிட்ட 'ரெபெல்ஸ்டார் ரெய்டர்ஸ்' ஸ்பெக்ட்ரம் என்னும் வீட்டுக் கணினிக்கு எழுதப்பட்டது. பேசிக் மொழியில் அமைந்த, இருவர் மட்டுமே ஆடக்கூடிய ஆட்டம். 1986இல் வந்த 'ரெபெல்ஸ்டார்' இயந்திர மொழியில் எழுதப்பட்டு, கணினியையே எதிராளியாக நிறுத்தியது. 48 கிலோபைட் நினைவகத்தில் பெரும்படைகளை மோதவிடுவதைவிடச் சிலரை நுணுக்கமாகக் காட்டுவது இயலக்கூடியதாக இருந்தது. படைக்குழு சிறுத்ததற்கு அழகியல் காரணத்தைவிட இந்நெருக்கடியே முதற்காரணம் என்பது என் கருத்து. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு முறையில் செலவிடத்தக்க செயற்புள்ளிகள் வரையறுக்கப்பட்டன. நடப்பதும் சுடுவதும் அக்கணக்கில் கழிந்தன. புள்ளிகளை மிச்சம் வைத்த வீரர், எதிரியின் முறையின்போதே கண்ணில் படுபவரைச் சுடலாம். பிற்காலப் படைக்குழு விளையாட்டுகள் பலவற்றின் அடித்தளம் இதுவே.

1988இல் வந்த 'லேசர் ஸ்குவாட்' அமைத்தல் என்னும் படியைச் சேர்த்தது. போருக்குமுன் ஆட்டக்காரரிடம் ஒரு தொகை தரப்படும். அதற்குள் யாருக்கு எக்கவசம், யாருக்கு எத்துப்பாக்கி என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். கவசத்தில் மிச்சம் பிடித்துக் கையெறி குண்டு வாங்கியவர், அவ்வீரர் விழும்போது குற்றஞ்சாட்டத் தம்மைத் தவிர வேறொருவரைக் காணமாட்டார். ஆயினும் ஒவ்வொரு களமும் தன்னளவில் முடிந்துவிடுவது. இன்று இறந்தவர் அடுத்த ஆட்டத்தில் அதே பெயரோடு உயிரோடிருப்பார். வெல்ஸின் பொம்மை நிலையிலிருந்து இவ்விடத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஒரு களத்தில் பெற்ற தேர்ச்சியை அடுத்த களத்துக்கு எடுத்துச்செல்லும் முறை 1990இல் 'லார்ட்ஸ் ஆஃப் கேயாஸ்' விளையாட்டில் வந்தது. ஆனால் அது மந்திரவாதி ஒருவருக்கே உரியதாக இருந்தது.

1994: சம்பளப் பட்டியலில் ஒரு பெயர்

ஜூலியனும் அவர் தம்பி நிக் கோலப்பும் 'லேசர் ஸ்குவாட்'டின் தொடர்ச்சியாகவே ஒரு மாதிரியை உருவாக்கி மைக்ரோபுரோஸ் நிறுவனத்திடம் காட்டினர். நிறுவனம் அதனினும் விரிந்த ஆட்டத்தை எதிர்பார்த்தது. அதன் விளைவாக, சுழலும் உலக உருண்டையில் தளம் கட்டி, ஆய்வு நடத்தி, நிதி ஒதுக்கும் மேலடுக்கு ஒன்று உருவானது. போர்க்களம் அதன் கீழடுக்காயிற்று. இவ்விணைப்பு வீரருக்குத் தந்தது இரண்டு போர்களுக்கு இடைப்பட்ட வாழ்க்கை. அவர் பணியமர்த்தப்படுகிறார், மாதச் சம்பளம் பெறுகிறார், காயம்பட்டால் பல நாள் ஓய்வில் கிடக்கிறார், பதவி உயர்கிறார்.

திறன் வளர்ச்சியின் விதி குறிப்பிடத்தக்கது. ஆட்டக்காரர் புள்ளிகளைத் தம் விருப்பப்படி பங்கிட முடியாது. சுட்டு வீழ்த்தியவருக்கே குறி கூர்மையாகும். எதிரியின் முறையில் விரைந்து எதிர்த்தவருக்கே அவ்விரைவு கூடும். ஆகவே ஒரு மூத்த வீரரின் எண்கள் அவர் கடந்துவந்த களங்களின் பதிவேடாக நிற்கின்றன. அவ்வெண்களைத் தெரிந்து படிப்பவருக்கு அவர் எப்படிப்பட்ட போர்களில் நின்றார் என்பது புலப்படும்.

இதற்கு எதிர்த்திசையில் இழுத்தது விலைப்பட்டியல். புதிய வீரர் ஒருவரை அமர்த்த 40,000 டாலர். பீரங்கி பொருத்திய தானியங்கி ஊர்தி ஒன்றுக்கு 420,000 டாலர். படையை ஏற்றிச்செல்லும் வானூர்தியில் 14 பேருக்கு இடமுண்டு. ஊர்தி ஒன்று நால்வரின் இடத்தை அடைத்துக்கொள்ளும். கணக்குத் தெரிந்த தலைவர் யாரை முதலில் கதவுக்கு வெளியே அனுப்புவார் என்று சொல்ல வேண்டியதில்லை. பயிற்சியற்ற புதியவரை முன்னே நடக்கவிட்டு, எதிரி எங்கிருந்து சுடுகிறான் என்று அவர் உடலைக்கொண்டே அறிவது ஆட்டக்காரரிடையே வழக்கமான உத்தியாயிற்று. விளையாட்டு இதைக் கற்பிக்கவுமில்லை, கண்டிக்கவுமில்லை. விலையே கற்பித்தது.

இந்நிலையில்தான் பெயர் குறுக்கிடுகிறது. பல நாட்டுப் பெயர்ப் பட்டியல்களிலிருந்து கணினி ஒரு பெயரைச் சூட்டும். ஆட்டக்காரர் விரும்பினால் அதை அழித்து வேறு பெயர் எழுதலாம். நண்பர், உடன்பிறந்தார், உடன்பயில்வோர் பெயர்களை இடுவது பரவலான பழக்கம். தங்கையின் பெயர் தாங்கிய வீரரைக் கதவுக்கு வெளியே முதலில் அனுப்பக் கை தயங்கும். இதற்கு நேர்மாறான பழக்கமும் உண்டு. வீரர்களின் திறன்களை ஒருசேரப் பார்க்கப் பட்டியலில் வசதி இல்லாததால், சிலர் பெயருக்கான இடத்திலேயே குறிபார்க்கும் அளவையும் சுமக்கும் ஆயுதத்தையும் சுருக்கெழுத்தாகக் குறித்துவைத்தனர். ஒரே இடத்தை ஒருவர் உறவுக்கும் மற்றொருவர் கணக்குக்கும் பயன்படுத்தியுள்ளனர். கட்டளையிடுதலின் இரு முகங்களையும் இவ்வளவு தெளிவாகக் காட்டும் சான்று இவ்விளையாட்டில் வேறில்லை.

இவ்விடத்தில் சான்று மதிப்பீடு குறித்து ஒரு சொல். மூல நிரலில் இருந்த பிழையால், எக்கடின நிலையைத் தேர்ந்தாலும் அது பின்னர்த் தொடக்க நிலைக்கே திரும்பிவிடும். கடின நிலையில் வென்றதாக இன்று நினைவுகூர்வோர் பலர் உண்மையில் எளிய நிலையில் வென்றவர்கள். ஆட்டக்காரர் நினைவுகளை மட்டும் ஆதாரமாகக் கொண்டு எழுதப்படும் விளையாட்டு வரலாறு எச்சரிக்கையோடு அணுகப்பட வேண்டியது.

ஆசிரியர் இட்ட பெயர்கள்

கோலப்பின் மரபுக்குத் தொடர்பின்றி, ஜப்பானில் ஷோசோ காகா வடிவமைத்து 1990இல் ஃபேமிகாம் கருவிக்கு வந்த 'ஃபயர் எம்பளம்' மீளா இறப்பை விதியாக்கியது. அங்கு வீரர்களுக்குப் பெயரும் முகமும் கதையும் ஆசிரியரே தந்தார். இறந்தவரோடு அவர் கதையும் நின்றுபோகும். ஆட்டக்காரர் அடைவது ஒரு வாசகரின் வருத்தம். பெயரிட்டவரின் குற்றவுணர்வு அதில் குறைவு. 1999இல் வந்த 'ஜாகெட் அலையன்ஸ் 2' வேறொரு வழியில் சென்றது. அதன் கூலிப்படையினர் வாய்ப்பேச்சும் விருப்பு வெறுப்பும் உடையவர்கள். தம் ஆட்களை அதிகம் சாகவிட்ட தலைவரிடம் பணிபுரியச் சிலர் மறுத்துவிடுவர். படை தன் தலைவரை மதிப்பிடும் இந்த விதி பின்னர் அதிகம் பின்பற்றப்படாதது வியப்பே.

முகமும் சேமிப்பும்

2012இல் ஜேக் சாலமன் தலைமையில் ஃபிராக்ஸிஸ் நிறுவனம் 'எக்ஸ்காம்: எனிமி அன்னோன்' என மறுவாக்கம் செய்தபோது, நேர அலகுகள் நீங்கி ஒரு முறைக்கு இரண்டு செயல்கள் என்றாயின. களமிறங்குவோர் நால்வரில் தொடங்கி அறுவரோடு நின்றனர். எண்ணிக்கை குறைந்ததால் ஒவ்வொருவரின் மதிப்பும் உயர்ந்தது. புதியவரைப் பலியிடும் பழைய உத்தி பெரிதும் பயனற்றுப்போனது. முதல் பதவி உயர்வின்போது நான்கு வகைகளுள் ஒன்றை விளையாட்டே வீரருக்கு ஒதுக்கிவிடுகிறது. ஆட்டக்காரரின் கையில் அதிகமாக விடப்பட்டவை முடி, முகம், பெயர் ஆகியன. 1994இல் ஆயுதமும் பழக்கமும் ஒருவரை உருவாக்கின. 2012இல் உருவாக்கும் உரிமை பெருமளவு தோற்றத்துக்கு நகர்ந்தது. இதை வளர்ச்சி என்று மட்டும் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இம்மறுவாக்கத்தில் இறந்தோர் பெயர்களுக்கென்று நினைவுச் சுவர் ஒன்றுண்டு. தமிழ் ஆய்வாளருக்கு நடுகல் நினைவுக்கு வருவது இயல்பு. ஒப்புமை வடிவளவிலேயே நின்றுவிடுகிறது. நடுகல்லை எழுப்பியது ஊர், இச்சுவரைக் காண்பவரோ அவ்வீரர்களைச் சாவுக்கு அனுப்பியவர் ஒருவரே.

அச்சுவரில் பெயர் ஏறாமல் தடுக்க ஆட்டக்காரரிடம் எப்போதும் ஒரு வழி இருந்தது: இறப்புக்குமுன் சேமித்த கோப்பைத் திறப்பது. 2012ஆம் ஆண்டு விளையாட்டு இதற்கு இரு தடைகளை வைத்தது. தற்செயல் எண்களின் வரிசையைச் சேமிப்போடு சேர்த்தே பாதுகாத்ததால், திரும்பவந்து அதே செயலைச் செய்தால் அதே முடிவே கிட்டும். விரும்புவோர்க்கு 'அயர்ன்மேன்' என்னும் நிலையும் தரப்பட்டது. அதில் ஒரே சேமிப்புதான், அதுவும் விளையாட்டே தொடர்ந்து மேலெழுதுவது. ஏறத்தாழ இதே காலத்தில் 'ஃபயர் எம்பளம்' எதிர்த்திசையில் நகர்ந்தது. 2010இல் வந்த அதன் பகுதியில், வீழ்ந்தவர் அடுத்த களத்தில் திரும்பிவரும் எளிய நிலை முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. 2016இல் 'எக்ஸ்காம் 2' ஆட்டத்துக்கு வெளியே வீரர்களை உருவாக்கிவைக்கும் தொகுப்பைத் தந்தது. ஒரு போர்த்தொடரில் இறந்தவர் அடுத்ததில் அதே பெயர், அதே முகத்தோடு வந்து நிற்கலாம். வெல்ஸின் பொம்மை மீண்டும் எழுந்துவிட்டது. இம்முறை அதற்குப் பெயர் இட்டவர் ஆட்டக்காரர்.

1994ஆம் ஆண்டு மூல விளையாட்டிலோ நினைவுச் சுவர் இல்லை. இறந்தவரின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும், மாதக் கணக்கில் ஒரு சம்பளம் குறையும், அவ்வளவே. பிற்காலத்தில் அவ்விளையாட்டைத் தன்னார்வலர்கள் 'ஓப்பன்எக்ஸ்காம்' என்னும் பெயரில் முழுமையாக மறுநிரலாக்கம் செய்து, 2014இல் முதல் நிறைவுப் பதிப்பை வெளியிட்டனர். மூலத்தின் விதிகளை இயன்றவரை மாறாமல் காப்பதே அவர்கள் நோக்கம்; கடின நிலைப் பிழையைத் திருத்தினர், விலைப்பட்டியலைத் தொடவில்லை. மூலத்தில் இல்லாத ஒரு பக்கத்தையும் அவர்கள் சேர்த்தனர். வீரர் பட்டியலிலிருந்து திறக்கக்கூடிய அப்பக்கத்தில், இறந்தவர்களின் பெயரும் பதவியும் இறந்த நாளும் வரிசையாக உள்ளன.