கண்டி மாநகரும் வானொலி வழி வந்த மாலை ஆராதனையும்

வழிபாடு என்பது ஓரிடத்திற் கூடியிருப்போரின் செயல். ஒலிபரப்பு என்பதோ அங்குக் கூடாதிருப்போரை நோக்கியது. இவ்விரண்டும் 1926ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 7ஆந் திகதி இலண்டன் வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் ஒன்றுசேர்ந்தன. அவ்வாலயப் பாடகர் குழு பாடிய மாலை ஆராதனையைப் பி.பி.சி. நிறுவனம் அன்று முதன்முறையாக ஒலிபரப்பிற்று. அவ்வரிசை இன்றும் தொடர்கின்றது. இதனை இங்கிலாந்தின் இசை வரலாற்றுக்குரிய செய்தியாகக் கொள்வதே பெருவழக்கு. ஆயின், கண்டியிலிருந்து நோக்குவார்க்கு வேறொரு வினா எழும்: ஓர் ஆராதனை தொலைவிலிருந்து ஒலியாக மட்டும் வந்து சேரும்பொழுது, அதே ஆராதனையைத் தம் தாய்மொழியில் முன்னரே நிகழ்த்திவந்தோரின் பாட்டு யாதாகின்றது?

அங்கிலிக்கன் திருச்சபையின் மாலை ஆராதனை 1549ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகத்தோடு உருவானது. துறவியர் மடங்களில் மாலையிலும் இரவிலும் தனித்தனியே ஓதப்பட்ட இரு வழிபாடுகளைத் தோமஸ் கிரான்மர் ஒன்றாக்கி, இலத்தீனை நீக்கி, மக்கள் மொழியில் அமைத்தார். தாவீதின் சங்கீதங்கள் நூற்றைம்பதும் முப்பது நாளில் ஓதி முடியும். வேத வாசகங்கள் இரண்டு. அவற்றையடுத்து மரியாளின் பாட்டும் சிமியோனின் பாட்டும். மக்கள் விளங்கி ஓதவேண்டும் என்பதே கிரான்மரின் நோக்கம். எனினும், பேராலயங்களில் இப்பகுதிகளைப் பயிற்சி பெற்ற பாடகரே பாட, சபையார் பெரும்பாலும் மௌனமாக இருந்து கேட்கும் வழக்கம் நிலைபெற்றது. கேட்டலே வழிபாடாகிவிட்ட இந்நிலைதான் அதனை வானொலிக்கு அத்துணைப் பொருத்தமாக்கியது எனலாம்.

கண்டியில் இவ்வாராதனைக்கு ஒலிபரப்பை விட நீண்ட வரலாறுண்டு. பரி. பவுல் ஆலயத்தின் கட்டட வேலை 1843இல் தொடங்கியது. 1853இல் அது பிரதிட்டை செய்யப்பட்டது. படையினரின் வழிபாட்டுக்கும் பயன்பட்ட இவ்வாலயம் நாத தேவாலை, பத்தினி தேவாலை ஆகியவற்றின் அயலில், தலதா மாளிகையின் மாலைப் பூசை முழவொலி எட்டும் தூரத்தில் நிற்கின்றது. ஆட்சியாளர் தம் ஆலயத்தை அவ்விடத்தில் எழுப்பியமை தற்செயலானதன்று. நகரைச் சூழ்ந்த கோப்பித் தோட்டங்களிலோ நிலைமை வேறு. அங்குத் தமிழ்த் தொழிலாளரிடையே 1854இல் ஒரு மிஷன் தொடங்கப்பட்டது. 'தமிழ்க் கூலி மிஷன்' என்று அதற்கு இட்ட பெயரே அக்காலத்து நோக்கைக் காட்டப் போதுமானது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் அதில் உழைத்தனர். அவர்தம் கையிலிருந்தது தமிழ்ப் பொது ஜெபப் புத்தகம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் நாம் அறிந்த கால்டுவெல், அந்நூலின் திருத்தப் பணியிலும் பங்குகொண்டவர். பாடகர் குழுவோ ஓர்கனோ இல்லாத அவ்வாராதனையில் சங்கீதங்கள் மாறிமாறி வாசிக்கப்பட்டன. சபையார் வாய்திறந்து பங்குகொண்டனர். கிரான்மரின் நோக்கத்துக்கு இதுவே அண்மித்தது என்பதில் ஐயமில்லை.

கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16இல் முறைப்படி ஆரம்பமாயிற்று. 1932 டிசம்பர் 19இல் பி.பி.சி.யின் பேரரசுச் சேவை சிற்றலையில் தொடங்கியது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் 1918 முதல் நடைபெறும் கிறிஸ்மஸ் கீத ஆராதனை 1928இல் முதன்முறையாக ஒலிபரப்பாகி, முப்பதுகளின் தொடக்கத்திலேயே கடல்கடந்த நாடுகளையும் எட்டியது. அங்குப் பிற்பகல் மூன்று மணி. இங்கு இரவு எட்டரை. சிற்றலையில் ஒலி பெருகியும் தேய்ந்தும் வரும். கல்மண்டபத்தின் எதிரொலியிற் பாதி வழியிலேயே கரைந்துவிடும். வானொலிப் பெட்டி வசதிபடைத்தோரின் உடைமையாயிருந்த காலம் அது. லயன் காம்பராக்களுக்கு அவ்வொலி நேரே செல்லவில்லை. ஆயினும், எது 'சரியான' ஆலய இசை என்பதற்கு அதுவே அளவுகோலாயிற்று.

அவ்வளவுகோல் தமிழுக்குப் பொருந்துமா? அங்கிலிக்கன் சங்கீத ஓதலில் வசனத்தின் முற்பகுதி ஒரே சுரத்தில் ஓதப்பட்டு மூன்று சுரங்களில் முடியும். பிற்பகுதியும் அவ்வாறே ஓதப்பட்டு ஐந்து சுரங்களில் முடியும். எங்கே சுரம் மாறவேண்டும் என்பதை ஆங்கிலச் சொல்லின் அழுத்தமே தீர்மானிக்கின்றது. தமிழில் ஓசையை ஆள்வது குறில் நெடில் வேறுபாடேயன்றி அத்தகைய சொல்லழுத்தமன்று. மேலும், தமிழ் வாக்கியம் வினையில் முடிவது. மரியாளின் பாட்டின் முதல் வசனம் ஆங்கிலத்தில் ஆண்டவரின் பெயரில் முடிகின்றது; இறுதிச் சுரங்கள் அப்பெயரின்மீது தங்குகின்றன. தமிழிலோ 'மகிமைப்படுத்துகிறது' என முடிய, சுரங்களெல்லாம் விகுதியின்மீது சென்று விழும். இது பாடுவோரின் குறையன்று, மொழியின் இயல்பு.

கண்டியில் அந்நிய வடிவத்திற்கு மாற்றுத் தேடப்படாமலில்லை. திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்துக்கு 1923இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1935இல் அது பிரதிட்டை செய்யப்பட்டது. வண. எல். ஜே. காஸ்டர் கண்டிய மரபில் வகுத்த அக்கட்டடம் செதுக்கிய கற்றூண்கள் தாங்கும் திறந்த மண்டபம். அங்கே டேவிட் பெயின்ரர் தீட்டிய சுவரோவியங்களில் விவிலியக் காட்சிகள் இந்நாட்டுச் சூழலிலேயே நிகழ்கின்றன. பேராலய இசை கற்சுவர்களின் எதிரொலியை நம்பி இயற்றப்பட்டது. சுவரற்ற மண்டபத்தில் அவ்வெதிரொலிக்கு இடமேது? கல்லூரியின் உப அதிபராயிருந்த டபிள்யூ. எஸ். சீனியர் இலங்கைக்கென ஆங்கிலத்தில் ஒரு துதிப்பாடல் இயற்றினார். அதற்குத் தேவார் சூரியசேன தெரிந்தெடுத்த மெட்டு, 1903இல் ஜோன் டி சில்வாவின் 'சிறிசங்கபோ' நாடகத்துக்காக இந்தியரான விஸ்வநாத் லௌஜி அமைத்தது. பௌத்த அநுராதபுரத்தைப் போற்றும் பாடலுக்குரியது. சிங்கள ஆராதனைக்கு நாட்டார் மெட்டுக்களில் இசையமைத்தவரும் இதே சூரியசேனரே.

இம்முயற்சிகள் பாராட்டுக்குரியன. ஆனால், சுதேச வடிவம் என்பது கண்டியில் பெரும்பாலும் சிங்கள வடிவமாகவே பொருள்கொள்ளப்பட்டது. தோட்டத்துத் தமிழ்ச் சபைகளிடம் ஏற்கனவே ஓர் இசை மரபு இருந்தமை அதிகம் நோக்கப்படவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதலியோரின் கீர்த்தனைகள் இராகமும் தாளமும் உடையவை. மொழிபெயர்ப்பல்ல, தமிழிலேயே பிறந்தவை. புறச்சமய மேடையிலிருந்து மெட்டெடுத்தால் அது புதுமை; தன் சபையார் நூறாண்டு பாடிவந்ததை ஏற்றுக்கொண்டால் அது நாட்டுப்புறம் என்ற மனப்பான்மை அன்று இருந்தது போலும்.

கண்டிப் பிரதேசம் 1950இல் புதிதாக அமைந்த குருநாகல் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் முதல் பேராயர் லக்தாச டி மெல் உள்நாட்டு இசையை ஆராதனையிற் புகுத்துவதில் பெருவிருப்பினர். இன்று பேராலய ஒலிபரப்பை இணையத்தில் எந்நேரமும் கேட்கலாம். சிற்றலையின் தேய்வும் இல்லை, காலவேறுபாடும் இல்லை. கீர்த்தனையின் நிலை வேறு. ஒருவர் பல்லவியை எடுத்துக்கொடுப்பார். சபையார் அதை வாங்கிப் பாடுவர். சரணம் முடியுந்தோறும் அவர் நிறுத்தி, அவர்கள் பல்லவிக்குத் திரும்பும்வரை காத்திருப்பார்.